சொந்தத் தொழில்காரி

நஸ்ரின் பானுவால் சும்மா இருக்க முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து பரிமாறப் போய்விடுவாள். பஸ்ஸுக்கு நின்றால் நிறுத்தத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது, நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து தைக்கிற வேலை. மெஷினுக்கு மோட்டார் போட்ட பிறகும் அவளுடைய இரண்டு கால்களும் ஓயவில்லை. ஒன்று மோட்டாரை அழுத்தும். மற்றது தரையில் தட்டிக்கொண்டே இருக்கும்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவிலுக்குப் போகிற வழியில் இரண்டு மாடி ஜவுளிக்கடை ஒன்று உண்டு. மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற முக்கோண இடத்தில்தான் அவள் மெஷின் கிடந்தது. சேலை எடுப்பவர்கள் அங்கேயே ஓரம் அடித்து, ஃபால்ஸ் வைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவசரக்காரர்களுக்கு ஜாக்கெட்டும் தைத்துக் கொடுப்பாள். வாடிக்கையாளர் பில் கவுண்டரில் பணம் கட்டுவார். உருப்படிக்கு இவ்வளவு என்று அதில் ஒரு பங்கு வாரக் கடைசியில் நஸ்ரின் கைக்கு வரும்.

அதற்கு முன்னால் மார்க்கெட் பக்கம் ஒரு கடை வாசலில் வாடகைக்கு உட்கார்ந்திருந்தாள். ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த வாசல் போயிற்று. கணவர் காதர், கொல்லத்தில் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கிறார். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வருவார். மகள் ஃபஹீமா அப்போது சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். மெஷினை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று நஸ்ரின் தெருத் தெருவாக அலைந்த நேரத்தில்தான் ஜவுளிக்கடை ஆனந்தகுமார் கூப்பிட்டான். அப்பாவுக்குப் பிறகு கடையைப் புதிதாக ஏற்றிருந்த இளைஞன்.

"அக்கா, படிக்கு அடியில எடம் சும்மாதான் கெடக்கு. மெஷினைத் தூக்கிட்டு வந்துருங்க. வாடகை வேண்டாம், கரண்ட்டுக்கும் வேண்டாம்" என்றான்.

அந்த உதவியை அவள் மறக்கவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். கூடவே இன்னொன்றையும் சொல்லுவாள். "நான் யார்ட்டயும் கைகட்டிச் சம்பளம் வாங்கல. சொந்தத் தொழில்." சேலைப் பிரிவில் நிற்கிற பெண்களைப் பார்த்து அவளுக்கு ஒரு பரிதாபமும் உண்டு. பாவம், தண்ணி குடிக்கப் போனாலும் மேனேஜர் பாண்டிராஜிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

பங்குனியில் ஒரு மத்தியானம் கடைக்குள் திடீரென்று ஒரு பரபரப்பு. "லேபர் ஆபீஸ்லேந்து வந்துருக்காவ" என்று யாரோ சொன்னார்கள். பாண்டிராஜ் ஒவ்வொரு பிரிவாக ஓடினார். ஆனந்தகுமாரின் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் இருப்பவர், அறுபதை நெருங்குகிறார். படிக்கட்டுக்குக் கீழே குனிந்து மூச்சு வாங்கச் சொன்னார்:

"ஏம்மா நஸ்ரினு, ஒன்கிட்ட கேட்டா சொந்தத் தொழில்னு சொல்லிரு. கடைக்கும் ஒனக்கும் சம்பந்தம் இல்ல, என்ன?"

"ஆமா, அதான நெசம்" என்றாள் நஸ்ரின், தலை நிமிராமல்.

வந்தவள் இளம்பெண். தொழிலாளர் துறை ஆய்வாளர், பெயர் ப்ரியதர்ஷினி. வெயிலில் முகம் சிவந்திருந்தது. ஒவ்வொரு பெண்ணிடமும் எப்போது வேலைக்குச் சேர்ந்தாய், என்ன சம்பளம், எத்தனை மணிக்குப் போவாய் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். கடைசியாகப் படிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க?"

"டெய்லரும்மா. சொந்தத் தொழில்."

"மெஷின் யாரோடது?"

"என்னோடதுதான்."

"நாளைக்கு நீங்க வரலைன்னா என்ன ஆகும்?"

நஸ்ரின் வாயைத் திறப்பதற்குள் பாண்டிராஜ் முந்திக்கொண்டார். "ஒண்ணும் ஆகாது மேடம். அவங்க இஷ்டம்."

ப்ரியதர்ஷினி பாண்டிராஜைப் பார்க்கவில்லை. நஸ்ரினையே பார்த்தாள். நஸ்ரின் அப்போது நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் நிமிர்ந்து போய்விட்டாள்.

சித்திரை பிறந்தபோது கடைப் பெண்கள் எல்லோருக்கும் சம்பளம் கூடியது. அதுவரை அரசாங்கம் சொன்ன அளவுக்குக் கீழேதான் கொடுத்துவந்தார்களாம். குடிதண்ணீர்க் கேனுக்கு மேலே சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். விற்பனை வேலைக்கு இவ்வளவு, பில் போடுகிறவருக்கு இவ்வளவு, கூட்டிப் பெருக்குகிறவருக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி அதில் போட்டிருந்தது.

சேலைப் பிரிவு சுப்புலட்சுமி காராச்சேவுப் பொட்டலத்தோடு படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தாள். திருவேங்கடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறவள். நஸ்ரினிடம் எதையும் ஒளிக்க மாட்டாள்.

"எனக்கு நம்பவே முடியலக்கா. மாரித்தாய் அத்தைக்குக் கூட கூடிருக்கு. பெருக்குறவங்களுக்குன்னே தனியா போட்டுருக்காங்கன்னு அத்தை சுவத்தையே பாத்துட்டு நிக்காவ."

நஸ்ரின் சிரித்தாள். உண்மையான சந்தோஷம்தான். காராச்சேவைத் தின்றுகொண்டே எழுந்து போய் அந்த அறிவிப்பைப் படித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து போய்ப் படித்தாள்.

"ஒங்களுக்கு அதுல கெடையாதுல்லாக்கா" என்றாள் சுப்புலட்சுமி, கபடில்லாமல்.

அந்தச் சொல் நஸ்ரினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பொறாமை இல்லை. பாபினுக்குள் நூல் சிக்கிக்கொண்டால், தையல் மேலே ஒழுங்காக விழுவது போலத் தெரிந்தும் அடியில் குப்பையாகச் சேர்ந்துகொண்டே போகுமே, அப்படி. முகூர்த்த மாதங்களில் அவளுக்கு நல்ல வருமானம்தான். மார்கழியிலும் புரட்டாசியிலும் கடை திறந்ததிலிருந்து அடைக்கிறவரை உட்கார்ந்திருந்தும், கடையைப் பெருக்குகிற மாரித்தாயின் கூலி அளவு கூட வராத நாட்கள் உண்டு. இத்தனை வருஷமாக அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. துணி வரவில்லை, காசு வரவில்லை, அவ்வளவுதான். இப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த வாரத்தில் இரண்டு ஊசி உடைத்தாள். ஒரு பட்டுச் சேலைக்குத் தலைகீழாக ஃபால்ஸ் அடித்துப் பிரித்துத் தைத்தாள்.

பாண்டிராஜிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "நீ மொதலாளிம்மால்லா! ஒனக்கு யாரு கூலி நிர்ணயம் பண்ண?"

ஆனந்தகுமாரிடம் கேட்டாள். அவன் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தான். "அக்கா, ஒங்களுக்கு நான் சம்பளமா தாரேன்? நீங்க தொழில் பண்ணுதிய. வேணும்னா பீஸுக்கு ரெண்டு ரூபா கூட்டித் தாரேன்" என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு ரூபாய் கூடியது. உறுத்தல் அப்படியேதான் இருந்தது.

ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் காலைப் பாசஞ்சரில் தென்காசிக்கு ஏறினாள். உட்கார இடம் இருந்தும் வாசல் அருகே நின்றுகொண்டே போனாள். பொய் சொன்னது ஒரு பக்கம் குத்தியது. 'சொந்தத் தொழில்காரி எதுக்குப் பொய் சொல்லிட்டு வரணும்?' என்ற கேள்வி பாம்புக்கோவில்சந்தை ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் திரும்பிப் போய்விடலாமா என்றும் இருந்தது. ரயில் எங்கே நிற்கும்!

தொழிலாளர் அலுவலகத்தில் ப்ரியதர்ஷினியின் மேசை நிறைய கோப்புகள். மாவட்டத்தின் பாதிக் கடைகள் அவள் தலையில் இருப்பது போல் களைத்திருந்தாள். நஸ்ரினைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"படிக்கட்டு டெய்லர். வாங்க."

"அந்தச் சொவத்துல ஒட்டிருக்கதுல எனக்கு ஒண்ணும் இல்லியே, ஏம்மா?"

"நீங்கதானே சொந்தத் தொழில்னு சொன்னீங்க?"

"ஆமா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

ப்ரியதர்ஷினி பேனாவை மூடி வைத்தாள். "பாருங்கக்கா, எல்லா வேலைக்கும் ஒரே கூலி கிடையாது. கடைக்குத் தனி, தறிக்குத் தனி, ஆஸ்பத்திரிக்குத் தனி. தையல் வேலைக்கும் தனியா ஒண்ணு இருக்கு. பீஸ் கணக்குல தைச்சாலும், நாள் முழுக்க வேலை பார்த்தா அந்த நாள் கூலிக்குக் கீழ கொடுக்கக் கூடாது. ஆனா இதெல்லாம் தொழிலாளிக்குத்தான். சொந்தத் தொழில்னா உங்களுக்கு நீங்கதான் முதலாளி. உங்களுக்கு நீங்களே எவ்வளவு கொடுக்கணும்னு சட்டம் சொல்லாது."

"அப்ப நான் யாரு?"

"அதைத்தான் நான் கண்டுபிடிக்கணும்."

கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். நூல் யார் வாங்குகிறார்கள்? இரண்டு வருஷமாகக் கடைதான். ரேட் யார் வைப்பது? கடைதான். வருகிற நேரம், போகிற நேரம்? கடை நேரம். உங்களுக்குப் பதிலாக உங்கள் மகளை உட்கார வைக்கலாமா? ஒரு தடவை கேட்டதற்குப் பாண்டிராஜ் அண்ணாச்சி கூடாது என்றுவிட்டார். ஆடித்தபசுத் திருவிழா நேரத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது ஆள் அனுப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் நஸ்ரினுக்கு நினைவு வந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே வியப்பாக இருந்தது. யாரோ இன்னொருத்தியைப் பற்றிச் சொல்வது போல் இருந்தது.

"மெஷின் உங்களோடதுங்கறது மட்டும்தான் அந்தப் பக்கம் பேசுது. மத்ததெல்லாம் நீங்க அந்தக் கடைத் தொழிலாளின்னுதான் சொல்லுது. ஆனா ஒண்ணு. அப்படி ஆயிட்டா, வேலை நேரத்துல வெளி ஆளோட துணியைத் தைக்க முடியாது. நினைச்சப்போ போகவும் முடியாது. யோசிச்சுட்டு வாங்க. ரொம்ப நாள் யோசிக்காதீங்க."

திரும்பி வரும்போது நஸ்ரின் யோசிக்கத்தான் முயன்றாள். வெளித் துணி என்பது தெருப் பெண்கள் கொடுக்கிற ஜாக்கெட்டுகள். கடையில் சும்மா இருக்கிற நேரத்தில் தைத்துக்கொள்வாள். ஃபஹீமாவின் படிப்புச் செலவு பெரும்பாலும் அதில்தான் ஓடியது. அதை விடுவதா? சொந்தத் தொழில் என்று சொல்லிக்கொள்கிற மிடுக்கை விடுவதா? வீட்டில் ஃபஹீமா, "உம்மா, ஏன் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருக்கிய? உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

அதற்குள் செய்தி எப்படியோ கடைக்குப் போய்விட்டது. வைகாசி பிறந்த வாரம் ஆனந்தகுமார் அவளைக் கூப்பிட்டு ஒரு பத்திரத்தை நீட்டினான். படிக்கட்டுக்குக் கீழே உள்ள இடத்தை மாதம் நூறு ரூபாய் வாடகைக்கு அவள் எடுத்திருப்பதாக அதில் இருந்தது.

"சும்மா ஒரு கையெழுத்துக்கா. நூறு ரூபா நீங்க தர வேண்டாம். ஆடிட்டர் கேக்காரு."

"வாடகை வேண்டாம்னு சொல்லித்தான தம்பி கூப்பிட்டிய?"

"இப்பவும் அதைத்தான் சொல்லுதேன். பேப்பருக்குத்தான்."

"படிச்சுப் பாத்துட்டுத் தாரேன்" என்று வாங்கி வந்து, மெஷின் இழுப்பறையில் போட்டாள். அன்றிலிருந்து மற்றப் பெண்களின் பேச்சு அவளைக் கண்டதும் நின்றது. நஸ்ரினுக்குச் சம்பளம் போட்டால் ஒரு பெண்ணை நிறுத்த வேண்டியிருக்கும் என்று பாண்டிராஜ் சொல்லியிருந்தாராம். சுப்புலட்சுமி கூட டீயை மெஷின் மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு முந்தின நாள். நஸ்ரின் வழக்கம்போல் புர்காவைப் போட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனாள். அங்கே நின்றாள். கால்கள் தாமாகத் திரும்பின. திட்டம் எதுவும் இல்லை. அந்தப் படிக்கட்டுக்கு அடியில் போய்க் குனிய அன்று அவளால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாப் பாத்திரத்தையும் இறக்கித் தேய்த்தாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அப்படியும் அதன் அதிர்வு கேட்டுக்கொண்டே இருந்தது.

உச்சி வெயிலில் வாசலில் மொபெட் சத்தம். பாண்டிராஜ். சட்டை முழுக்க வியர்வை.

"என்னம்மா இது, போன எடுக்க மாட்டேங்க? கல்யாணப் பார்ட்டி வந்து கத்திக்கிட்டு நிக்கான். யார்ட்ட கேட்டு லீவு போட்ட?"

நஸ்ரினுக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லை. "என்ன சொன்னிய அண்ணாச்சி?"

"யார்ட்ட கேட்டு லீவு போட்டன்னு கேக்கேன்!"

தெருவில் எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். நஸ்ரின் ஈரக் கையோடு படியிறங்கி வந்தாள்.

"லீவா? சொந்தத் தொழில்காரி யார்ட்ட லீவு கேக்கணும்?"

பாண்டிராஜ் எதிர்வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"நாளைக்கு இவ வரலைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு அந்தம்மாட்ட நீங்கதான சொன்னிய? ஒண்ணும் ஆகாதுன்னா இந்த வெயில்ல ஏன் அண்ணாச்சி வந்து நிக்கிய?"

அவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு, குரலை இறக்கி, "கொஞ்சம் தண்ணி தா" என்றார்.

அவள் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். "எனக்கும் வயசாயிட்டும்மா. கடையில எது நடந்தாலும் மொத ஏச்சு எனக்குத்தான். நீ கேக்கது தப்புன்னு நான் சொல்லல. அந்தப் பொண்ணுக்கு நாளைக்குக் காலையில முகூர்த்தம். அதை மட்டும் முடிச்சுக் குடுத்துரு."

மணப்பெண் என்ன பாவம் செய்தாள்? நஸ்ரின் அவர் மொபெட் போன பின்னாலேயே நடந்து போனாள். நின்றிருந்த வேலை எல்லாவற்றையும் தைத்து முடித்தாள். கல்யாண வீட்டுக்காரர்கள் போன பிறகு ஆனந்தகுமாரின் அறைக்கு ஏறினாள். கையெழுத்துப் போடாத பத்திரத்தை மேசையில் வைத்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி."

அவன் முகம் மாறியது. "தென்காசிக்குப் போயிட்டு வந்தியளாமே. ஃபஹீமாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு."

"ஆமா. அது பொய்தான்."

"ஒங்களை நான் அக்கா மாதிரி நெனச்சேன்."

"நானும் தம்பியாத்தான் நெனக்கேன். அக்கான்னே கூப்பிடுங்க, வேண்டாங்கல. கூலியில மட்டும் அக்கா வேண்டாம். மத்தவங்களுக்கு எப்படியோ அப்படிப் பாருங்க."

"ராஜபாளையத்துல பெரிய பெரிய கடை வந்துட்டு. ஜனங்க போன்லயே சேலை எடுக்காங்க. நான் எங்க போவேன்?" என்று அவன் கேட்டான். அது நடிப்பு இல்லை என்று நஸ்ரினுக்குத் தெரியும். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அவன் கடை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"நான் மனு குடுக்கப் போறேன் தம்பி. ஒங்கட்டச் சொல்லிட்டுக் குடுக்கணும்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

மனுவைக் கொடுத்த பிறகு வந்த வாரங்கள் அவளுக்கு மிக மோசமானவை. யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. உள்ளே இரு என்றும் சொல்லவில்லை. சேலைகள் வருவது குறைந்தது. காலையில் போகும்போதெல்லாம் மெஷின் அங்கே இருக்குமா, தெருவில் கிடக்குமா என்று தெரியாமலே போனாள். கொல்லத்திலிருந்து காதர் போனில், "எதுக்கு வம்பு? மெஷினை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துரு" என்றார். சில நாள் அதுவே சரி என்று பட்டது. சில நாள் அதை நினைத்தாலே ஆத்திரம் வந்தது.

ப்ரியதர்ஷினி மறுபடியும் கடைக்கு வந்தாள். இம்முறை நஸ்ரினிடம் ஒன்றும் கேட்கவில்லை. மற்றப் பெண்களைக் கூப்பிட்டு, டெய்லர் எப்போது வருவார், எப்போது போவார் என்று கேட்டாள். பில் போடுகிற பெண், கவனிக்கவில்லை என்றாள். இன்னொருத்தி தரையைப் பார்த்தாள். பாண்டிராஜ் சற்றுத் தள்ளி நின்று ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தார். படிக்கட்டுக்குக் கீழே நஸ்ரினின் கால் வேகவேகமாகத் தட்டியது.

சுப்புலட்சுமியின் முறை வந்தது. அவள் புடவை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நாங்க வாரதுக்கு முன்னாடியே அக்கா வந்துருவாவ" என்றாள் மெல்ல. பிறகு சத்தம் கொஞ்சம் கூடியது. "கடை அடைக்கித வரைக்கும் இருப்பாவ. இடையில வீட்டுக்குப் போவணும்னா, எங்கள மாதிரிதான், அண்ணாச்சிட்ட கேட்டுட்டுப் போவாவ."

பாண்டிராஜ் மடித்த சேலையை அடுக்கில் வைத்தார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

தென்காசி தொழிலாளர் அலுவலகத்தில் ஆனந்தகுமாரையும் நஸ்ரினையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசினார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவன் ஒத்துக்கொண்டான். வழக்கை இழுக்க வேண்டாம் என்று அவனுடைய ஆடிட்டரே சொன்னாராம். தையல் தொழிலாளிக்கு உரிய கூலி, வருங்கால வைப்பு நிதி, வாரம் ஒரு நாள் விடுப்பு. பழைய கூலிப் பாக்கியில் ஒரு பங்கைத் தந்தான். முழுதும் கேட்டு நின்றிருக்கலாம் என்றார்கள் சிலர். அவளுக்கு நிற்கப் பொறுமை இல்லை. எந்தப் பெண்ணையும் நிறுத்தவில்லை.

வேலைக்காரியாக முதல் மாதம் அவளுக்குச் சிறை போலிருந்தது. மெரூன் நிறக் கோட்டு. விரல் வைத்துப் பதிகிற கருவி. தெருப் பெண்களின் துணிகளை இனிக் கடையில் தொட முடியாது. வீட்டில் போய்த் தைக்க உடம்பில் தெம்பு இல்லை. ஆவணி முகூர்த்தங்களில் மாடு மாதிரி உழைத்தாள். மாத முடிவில் பார்த்தால் பழைய ஆவணி வருமானத்தைவிடக் குறைவு. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன்னைத் தானே ஏசிக்கொண்டாள். ப்ரியதர்ஷினியை ஏசினாள். சுவரில் அறிவிப்பை ஒட்டியவனையும் விடவில்லை.

மார்கழி வந்தது. முகூர்த்தம் கிடையாது. படிக்கட்டுக்குக் கீழே துணியே இல்லாமல் முழு நாள் போயிற்று. அவளால் தாங்க முடியவில்லை. மெஷினுக்கு எண்ணெய் போட்டாள். துடைத்தாள். சுப்புலட்சுமியோடு சேர்ந்து சேலை அடுக்கினாள். "உக்காருங்கக்கா, ஒங்களுக்கு இன்னைக்கும் சம்பளம் உண்டு" என்று சுப்புலட்சுமி சிரித்தாள். ஒரு தையல் கூட விழாத நாளுக்குக் கூலி. திருடிவிட்டது போல முதலில் கூசியது. பிறகு, கடைக்காகக் காலையிலிருந்து காத்துக்கிடந்த பழைய மார்கழிகள் எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அந்த நாட்களை யார் எடுத்துக்கொண்டார்கள்? கூச்சம் போன இடத்தில் கோபம் வந்தது.

தை பிறந்ததும் ஆனந்தகுமார் அவளுக்கு ஒரு புதுப் பொறுப்பைக் கொடுத்தான். சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிற வேலை வீடுகளுக்குப் போய் வரும். யாரிடம் எத்தனை சேலை கொடுப்பது, வந்ததைச் சரிபார்த்து வாங்குவது, ரேட் பேசுவது எல்லாம் இனி நஸ்ரின் என்றான். அவள் தெருவிலேயே இருக்கிற மீரா பீவிதான் அதிகம் கட்டுகிறவள். கணவன் இல்லாதவள், முழங்கால் வலியால் வெளியே வேலைக்குப் போக முடியாதவள்.

முதல் தடவை சேலைக் கட்டை இறக்கியபோது மீரா பீவி கேட்டாள்: "லாத்தா, நீங்க கடையோட பேசிச் சம்பளம் வாங்கிட்டியளாமே. எனக்கு இதுல ஏதும் கூடாதா? ஒரு சேலைக்கு அரை நாள் போயிருது. கண்ணெல்லாம் எரியுது."

"நீ வீட்டுலருந்துல்லா கட்டுத. ஒன் இஷ்டத்துக்குக் கட்டலாம்லா..." என்று நஸ்ரின் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்தது பாண்டிராஜின் பேச்சு.

அன்றே கடைக்குப் போய் ஆனந்தகுமாரிடம், குஞ்சத்துக்குக் கூலி கூட்ட வேண்டும் என்றாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, ஒங்களுக்குப் போட்டாச்சு. இப்ப தெருவுக்கே போடணுமா?"

"அவ கட்டுத சேலை இந்தக் கடையிலதான தம்பி விக்கி?"

அவன் கொஞ்சம் கூட்டினான். போதாது என்று அவனுக்கும் தெரியும். ப்ரியதர்ஷினிக்குப் போன் செய்தபோது, வீட்டிலிருந்து செய்கிறவர்களுக்கும் கூலி விதி உண்டுதான், ஆனால் எத்தனை மணி நேரம் வேலை, யாருக்காக வேலை என்று நிரூபிப்பது உங்கள் வழக்கைவிடக் கஷ்டம் என்றாள். "முடியாதுன்னு சொல்லலை. அந்தம்மா தைரியமா வருவாங்களா?"

மீரா பீவி இன்னும் முடிவு சொல்லவில்லை. பயப்படுகிறாள். இருக்கிற வேலையும் போய்விட்டால் என்ன செய்வது என்கிறாள். நஸ்ரின் அவளை அவசரப்படுத்தக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். ஆனாலும் விடுப்பு நாளில் அவள் வீட்டு வாசலில் போய் நிற்காமல் இருக்க முடிவதில்லை. "என்ன மீரா, யோசிச்சியா?" என்கிறாள். "இன்னும் இல்ல லாத்தா" என்கிறாள் அவள், குஞ்ச நூலை முறுக்கிக்கொண்டே. நஸ்ரின் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு முந்தானையின் மறுமுனையை எடுத்து, அவளோடு சேர்ந்து முடிச்சுப் போடத் தொடங்குவாள்.